லென்ஸ் மாத்தியும் ‘நோ டிஸ்க்’: ரிப்பேர் மேசைக்கு வந்த டிவிடி, புளூரே கேஸ்களைப் போடுங்க

(ரிப்பேர் பண்றவங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவரோட புனைபெயர்.)

சால்டர் குச்சி

5.1 டிவிடி செட். மூணு கடை ஏறி இறங்கியிருக்கு, மூணு கடையிலயும் லென்ஸ் மாத்தியிருக்காங்க. டிஸ்க் போட்டா ரெண்டு சுத்து சுத்தி நின்னுடும், ‘நோ டிஸ்க்’. முள்ளு மீட்டரை 5 வோல்ட் லைன்ல வச்சா சும்மா இருக்கும்போது சுத்தமா 5. டிஸ்கைச் சுத்துற ஸ்பிண்டில் மோட்டார் கிளம்புற அந்த நொடியில முள்ளு 4-ஐ நோக்கி ஒரு குத்து குத்தி மேல வருது. டிஜிட்டல் மீட்டர்ல இது மாட்டவே மாட்டாது, எண் மாறி முடியறதுக்குள்ள வோல்டேஜ் திரும்பிடும். மூணு கடையும் தவறவிட்டது அங்கதான்.

பவர் சப்ளை போர்டுல 5 வோல்ட் வெளிய வர்ற இடத்துல 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கண்டென்சர் ரெண்டு. ஒண்ணுக்குத் தலை லேசா உப்பல், இன்னொண்ணு பார்வைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டையும் தூக்கிட்டு 1000/16 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை கம்மியான ரகம்) போட்டதும் செட்டு ஓடுது. அதுவும் முதல் கடைக்காரர் கழட்டிப் பையில போட்டுக் கொடுத்த பழைய லென்ஸ்லயே!

லென்ஸ் மேல பழி போடறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து, டிஸ்க் இல்லாம டிரேயை மூடிப் பாருங்க. லென்ஸ் வண்டி உள்பக்கம் போய் லிமிட் ஸ்விட்சைத் தொடணும். அப்புறம் லென்ஸ் ரெண்டு மூணு தடவை மேல கீழ ஆடணும். பக்கவாட்டுல சாய்வாப் பார்த்தா செவப்பு வெளிச்சம் தெரியணும் (நேரா மேலருந்து குனிஞ்சு பார்க்காதீங்க, கண்ணு போயிடும்). வண்டி நகரலைன்னா பல்சக்கரத்துல கிரீஸ் இறுகியிருக்கும், இல்லைன்னா ஸ்விட்ச். லென்ஸ் ஆடலைன்னா ஃபிளெக்ஸ் கேபிள் (லென்ஸையும் போர்டையும் சேர்க்கிற தட்டை வயர்), இல்லைன்னா லென்ஸையும் மோட்டாரையும் ஓட்டுற 5888 மாதிரி டிரைவர் ஐசி. இவ்வளவும் சரியா இருந்து, 5 வோல்ட்டும் நிலையா நின்னாத்தான் லென்ஸ் பக்கம் போகணும்.

திருகாணி

புது லென்ஸ் போட்டும் ஓடாததுக்கு இன்னொரு காரணம், கடுகு அளவு ஈயம். புது பிக்கப் (லேசரும் லென்ஸும் சேர்ந்த தொகுதி, கடையில ‘லென்ஸ்’னே சொல்றது) வரும்போது லேசர் டயோடு ஸ்டாட்டிக்ல போகாம இருக்க அதன் போர்டுல ரெண்டு புள்ளியைச் சேர்த்து ஈயம் வச்சிருப்பான். ஒருத்தர் அதை எடுக்காமலே மாட்டி, ‘டூப்ளிகேட் லென்ஸ்’னு சென்னை ரிச்சி தெரு ஸ்பேர் கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிருக்கார். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா அந்தப் பொட்டு அப்படியே மினுமினுங்குது.

முறை இதுதான்: முதல்ல ஃபிளெக்ஸ் கேபிளை மாட்டு, அப்புறம் ஈயத்தை எடு. கழட்டும்போது தலைகீழா, முதல்ல ஈயம் வை, அப்புறம் கேபிளை உருவு. எர்த் இல்லாத சால்டரிங் அயர்னா இருந்தா பிளக்கை உருவிட்டு, இருக்கிற சூட்டிலயே தொடு. இன்னொண்ணு, பழைய பிக்கப்ல என்ன நம்பர் இருக்கோ அதே நம்பர் வாங்கணும். கேபிள் 24 பின் பொருந்துறதாலயே லென்ஸ் பொருந்தினதா ஆகாது.

வால்வு ரேடியோ

லென்ஸ் பலவீனமாயிடுச்சுன்னு தெரிஞ்சா மாத்தத்தான் வேணுமா? பிக்கப் ஓரத்துல குட்டி பிரீசெட் (திருகி அளவு மாத்துற ரெசிஸ்டர்) இருக்கு, கால் திருகு திருப்பினா அப்பவே படம் வருது. நாலஞ்சு செட்டு இப்படியே எழுந்து உட்கார்ந்திருக்கு.

திருகாணி

அண்ணே, எழுந்து உட்கார்ந்த செட்டு எத்தனை நாள் உட்கார்ந்துச்சுன்னு சொல்லுங்க. அந்தத் திருகு லேசருக்குப் போற கரண்டைக் கூட்டுது, அவ்வளவுதான். ஏற்கெனவே தேஞ்ச டயோடு அதிகக் கரண்டுல சில வாரத்துல மொத்தமா அணையும். அப்படிச் செத்த பிக்கப்பெல்லாம் டப்பாவுல கிடக்கு. எல்லாத்துலயும் ஸ்க்ரூடிரைவர் கீறல்!

வேற வழியே இல்லாத, லென்ஸ் கிடைக்காத மாடலுக்கு மட்டும் கடைசி வைத்தியமாச் செய்யலாம். அதுக்கும் முறை இருக்கு. பவர் இல்லாதப்போ பிரீசெட்டோட ஓம் அளந்து எழுதி வை. ரெண்டு பிரீசெட் இருந்தா ஒண்ணு சிடிக்கு, ஒண்ணு டிவிடிக்கு, எது எதுன்னு தெரியாமத் தொடாதே. கடிகார முள் ஒரு நிமிஷம் நகர்ற அளவுக்குத் திருப்பு, டிஸ்க் போட்டுப் பாரு. ரெண்டு தடவைக்கு மேல தேவைப்பட்டா அது லேசர் பிரச்சினையே இல்லை, எழுதி வச்ச அளவுக்கே திரும்பக் கொண்டு வா.

லேசர் தேயுதான்னு திருகாமலே தெரிஞ்சுக்கலாம். கடையில வாங்கின அச்சு டிஸ்க் ஓடும், வீட்டுல எழுதின டிவிடி-ஆர் திக்கும், ஆர்டபிள்யூ (அழிச்சு அழிச்சு எழுதுற டிஸ்க்) அடியோட ஏறாது. ஆர்டபிள்யூ டிஸ்க் திருப்பி அனுப்புற வெளிச்சம் ரொம்பக் குறைவு, அதனால முதல்ல அடி வாங்குறது அதுதான். இரட்டை அடுக்கு 8.5 ஜிபி படம் சரியா நடுவுல ஒரே இடத்துல உறைஞ்சாலும் அதே கதை, ரெண்டாவது அடுக்குக்கு ஃபோகஸ் தாவ முடியலை.

வால்வு ரேடியோ

சரி தம்பி, ஓம் அளக்கணும்ங்கிறதை ஒத்துக்கறேன். ஆனா திருகறதுக்கு முன்னாடி துடைச்சுப் பார்க்கணும்னு நீ சொல்லவே இல்லையே. சாம்பிராணியும் தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் லென்ஸ் மேல மட்டும் படியாது, அடியில இருக்கிற கண்ணாடியிலயும் படியும். மேல எவ்வளவு துடைச்சாலும் பிரயோஜனம் இல்லாத கேஸ் இதுதான். ரப்பர் பல்பு ஊதியால பக்கவாட்டுல ஊது. வாயால ஊதாதே, எச்சில் தெறிக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில நனைச்சு, உதறிட்டு, லென்ஸோட சொந்த எடையை விடக் கம்மியாத் தொடு. அது நிக்கிறது தலைமுடி மாதிரி நாலு கம்பியில. தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிப்பான் பட்டா பிளாஸ்டிக் லென்ஸ் பால் மாதிரி வெளுக்கும். கை சானிடைசர்ல கிளிசரின் இருக்கு, படலம் விட்டுப் போயிடும்.

பல்லிவால்

ஃபியூஸ் போன செட்டு ஒண்ணு. மூடியைத் திறந்தா ஏசியை டிசி ஆக்குற பிரிட்ஜ் டயோடுக்கு மேல பல்லி ஒண்ணு கருகி ஒட்டிக்கிட்டு நிக்குது. வால் ஒரு காலுல, முன்கை இன்னொரு காலுல. நாத்தம் பத்து நாளைக்குப் போகலை.

இந்த மாதிரிக் கேஸுக்கு நேரா புது ஃபியூஸ் போட்டா அதுவும் போயிடும். பழைய ஃபியூஸோட கண்ணாடியைப் பாருங்க. உள்ளே கறுப்பாவோ வெள்ளி பூசின மாதிரியோ இருந்தா டெட் ஷார்ட்: பிரிட்ஜ், பவர் சப்ளையோட ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட் ரெண்டையும் அளக்கணும். கண்ணாடி தெளிவா இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தா பிழைச்சது. எதுவா இருந்தாலும் 60 வாட் குண்டு பல்பை சீரீஸ்ல வச்சு ஆன் பண்ணுங்க. பளிச்சுனு எரிஞ்சு மங்கினா நல்லது, முழு வெளிச்சத்துலயே நின்னா இன்னும் ஷார்ட் இருக்கு. பெரிய கண்டென்சர்ல 325 வோல்ட் வரை நிக்கும், பிளக்கை உருவின பிறகும். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ரெண்டு காலுக்கும் குறுக்கே கொஞ்ச நேரம் வச்சு இறக்கிட்டு, மீட்டர்ல பார்த்துட்டுத் தொடுங்க. ஸ்க்ரூடிரைவர் வச்சு ‘பட்’னு அடிக்கிற வீரம் வேண்டாம்.

தடுக்க, காத்து ஓட்டைகளுக்கு உள்பக்கமா நைலான் கொசுவலை ஒட்டினாப் போதும். சிலர் மேல துணி போர்த்தி மூடி வைக்கிறாங்க, பல்லி வராது, சூடும் வெளிய போகாது. அந்துருண்டை போடறதும் வேண்டாம், அது சிடி டப்பாவோட பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே பதம் பார்க்கும்.

எர்த் குழி

பல்லியை விட இடி மோசம். கேட்டது டிஸ்க் கேஸ்தான், தெரியும், ஆனாலும் இதைச் சொல்லியே ஆகணும்.

புளூரே பிளேயர் ஒண்ணு, டிஸ்க் படிக்குது, டிஸ்பிளேல நேரம் ஓடுது, டிவியில படம் இல்லை. எச்டிஎம்ஐ ஐசி ஓரத்துல ஊசி முனை அளவு ஓட்டை. இடி இடிச்சப்போ சுவர் ஸ்விட்ச் ஆஃப்லதான் இருந்ததா வீட்டுக்காரர் சத்தியம் பண்றார். உண்மையாத்தான் இருக்கும். மின்னல் வந்தது கரண்டு வழியா இல்லை. கேபிள் வயர், செட்டாப் பாக்ஸ், டிவி, எச்டிஎம்ஐ, பிளேயர்: இதுதான் பாதை. அதோட நம்ம சுவர் ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே தொட்டுக்கிட்டு இருக்கும். வானம் கறுத்தா பிளக்கை உருவணும், கூடவே டிஷ் வயரையும் எச்டிஎம்ஐயையும் உருவணும். மூணும்.

‘ஸ்பைக் கார்டு இருக்கே’ன்னு வருவாங்க. உள்ளே இருக்கிறது 14டி471 மாதிரி வேரிஸ்டர். அதிக வோல்டேஜ் வரும்போது தன் வழியா விட்டுத் திருப்பிவிடும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். சிவப்பு லைட் எரியறதால வேரிஸ்டர் உயிரோட இருக்குன்னு அர்த்தம் இல்லை. எர்த் இல்லாத பிளக்குல குத்தினா நியூட்ரலுக்குத் திருப்புற பாதி வேலைதான் செய்யும், எர்த்துக்குத் தள்ள வழியே கிடையாது. மூணு பின் பிளக்கோட எர்த் பின்னை உடைச்சுட்டு ரெண்டு பின் சாக்கெட்டுல குத்துற பழக்கம் இருக்கே, அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

சாக்கெட்டுல ஃபேஸ்-நியூட்ரல் 230, ஃபேஸ்-எர்த் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். ஆனா மீட்டர் ஏமாத்தும், துருப்பிடிச்ச எர்த் கம்பியிலயும் 230 காட்டும். எலக்ட்ரீஷியனை வச்சு எர்த் டெஸ்டர்ல 5 ஓமுக்குள்ள இருக்கான்னு பார்த்துடுங்க. கோடையில எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துங்க.

பல்லிவால்

கேஸ் நாலு வரி, உபதேசம் நாற்பது வரி. ஆனா எச்டிஎம்ஐ விஷயம் சரிதான் சார்.

யாழ் கடலோரம்

எங்கட பக்கம் உப்புக்காத்து. கனெக்டர்ல பச்சை பூத்துத்தான் கூடுதலா வரும். வந்ததில மனசில நிக்கிறது ஒரு புளூரே டிஸ்க். டிவிடிக்குச் செய்யிற மாதிரி பற்பசை போட்டுத் தேய்ச்சிருக்கினம். பார்க்க முகம் தெரியிற கண்ணாடி மாதிரி இருந்தது, ஆனா எந்தப் பிளேயரிலயும் வாசிக்கேல்ல.

405 நானோ

பற்பசை வைத்தியம் ஏன் ஒண்ணுல பலிக்குது, ஒண்ணுல கொல்லுதுன்னா, தகவல் இருக்கிற ஆழம். டிவிடியில தகவல் படலம் ரெண்டு 0.6 மிமீ தட்டுக்கு நடுவுல, அதனால மேல்கீறலைக் கொஞ்சம் உரசி எடுக்கலாம். புளூரேல லேசர் பக்கத்துலருந்து வெறும் 0.1 மிமீ. அதுக்கு மேல கீறல் விழாத கடினப் பூச்சு வேற. பற்பசை தின்னது அந்தப் பூச்சைத்தான். சிடியில நேர்மாறு, தகவல் லேபிள் பக்கத்துல, வெறும் வார்னிஷுக்குக் கீழ. சிடியோட அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்திப் பார்த்துட்டு, லேபிள் மேல பால்பாயிண்ட் பேனாவால அழுத்திப் பேர் எழுதுவாங்க!

துடைக்கறது எதுவா இருந்தாலும் நடுவுலருந்து விளிம்புக்கு நேர்கோட்டுல. வட்டமாத் துடைச்சா விழுற கீறல் டிராக் கூடவே ஓடும். சிடியில ஏறக்குறைய 2.5 மிமீ வரை தொடர்ந்து போன தகவலைப் பிளேயரே ஈடுகட்டும், வட்டக் கீறல் அதைச் சுலபமாத் தாண்டிடும்.

பிளேயர் பக்கம் வந்தா, புளூரேக்கு 405, டிவிடிக்கு 650, சிடிக்கு 780 நானோமீட்டர்னு மூணு லேசர். டிவிடி ஓடுது, புளூரே ஓடலைன்னா மோட்டாரும் பவரும் பெரும்பாலும் குற்றவாளி இல்லை. ஆனா பழைய புளூரே ஓடி, புதுசா வந்த படம் மட்டும் ஏறலைன்னா லென்ஸைத் தொடவே வேண்டாம், சாஃப்ட்வேர் அப்டேட்தான். காப்பி எடுக்காம இருக்க டிஸ்க்ல போடற பூட்டோட சாவிகள் அவ்வப்போது மாறும். ஃபேட்32 பென்டிரைவ்ல போட்டு ஏத்தும்போது யுபிஎஸ்ல குத்திக்குங்க, நடுவுல கரண்டு போனா போர்டே செங்கல் மாதிரிச் செத்துடும். வெளிநாட்டுலருந்து வந்த டிஸ்க்னா மண்டலத்தையும் (ரீஜன் கோடு) பாருங்க: இந்தியா, இலங்கை ரெண்டுக்கும் டிவிடியில 5, புளூரேல சி.

பிரஷ் வச்ச லென்ஸ் கிளீனர் டிஸ்கைப் புளூரேல போடாதீங்க. லென்ஸுக்கும் டிஸ்குக்கும் இடைவெளி டிவிடியை விட ரொம்பக் கம்மி.

சால்டர் குச்சி

‘புரொடெக்ட்’னு காட்டி அணையற செட்டு யாருக்கும் வரலையா? இங்க வந்ததுல ஸ்பீக்கர் எல்லாத்தையும் உருவினதும் செட்டு அணையாம நின்னுச்சு. ஒவ்வொண்ணா மாட்டினா பின் இடது ஸ்பீக்கர்ல அணைஞ்சுச்சு. வயர் முனையில பிரிஞ்ச ஒரே ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கிட்டு இருந்தது. எல்லா ஸ்பீக்கரும் உருவியும் ‘புரொடெக்ட்’ வந்தா ஆம்ப் ஐசி இல்லைன்னா பவர் சப்ளை. ஸ்பீக்கரை மீட்டர்ல அளந்தா 4 ஓமுக்கு மூணரை சொச்சம் காட்டும், ஒண்ணுக்குக் கீழ வந்தா காயில் எரிஞ்சிருக்கு.

ரிமோட் ராசா

என் பங்குக்கு ஒண்ணு, ஸ்பேர் செலவே இல்லாதது. படம் திடீர்னு கோடு கோடா ஓடுது, சத்தம் மட்டும் வருது, ‘பிக்சர் போச்சு’ன்னு தூக்கிட்டு வருவாங்க. குழந்தை ரிமோட்ல ‘வி-மோட்’ அமுக்கியிருக்கும், செட்டு புரொக்ரெஸிவ் ஸ்கேன்ங்கிற வேற படமுறைக்குப் போயிருக்கும், மஞ்சள் வீடியோ வயர்ல அது வராது. டிஸ்க் இல்லாம வச்சு அதே பட்டனை ஒரு அமுக்கு, அஞ்சு செகண்ட் பொறுமை, மறுபடி ஒரு அமுக்கு. படபடன்னு அமுக்கினா சரியான இடத்தைத் தாண்டிப் போயிடும்.

பெல்ட்டு

டிரே பாதி திறந்து திரும்ப உள்ள போற கேஸுக்கு: பெல்ட்டைக் கழட்டி, கொதிச்சு இறக்கின தண்ணியில மூணு நிமிஷம் போட்டு எடுங்க, சில நாளைக்கு இழுக்கும். அதுக்குள்ள புதுசு வாங்கணும். அளவு தெரியலைன்னா புல்லி ரெண்டையும் சுத்தி நூல் போட்டு அளந்து, அதுல இருபதுல ஒரு பங்கு குறைச்சுக் கேளுங்க. மாட்டறதுக்கு முன்னாடி புல்லியை ஆல்கஹால்ல துடைங்க, பவுடர் போடாதீங்க, இன்னும் வழுக்கும்.

வால்வு ரேடியோ

பெல்ட் மாத்தியும் டிரே திரும்ப உள்ள போகுதே?

பெல்ட்டு

டிரே ஸ்விட்ச் அண்ணே. முன்பக்க போர்டுல, மோட்டாருக்குப் பக்கத்துலயே இருக்கும். காண்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு விட்டு இருபது தடவை கையால அசைச்சுப் பாருங்க.