புதுப்பிப்பு: செங்கோட்டை வீட்டுக் கறிவேப்பிலை இப்போது எப்படி இருக்கிறது

கோடையில் இங்கே கேட்டிருந்தேன்: தொட்டிக் கறிவேப்பிலை ஒரே குச்சியாக ஓங்குகிறது, தளிரில் நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் வெளிறல், என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. செடி இப்போது புதராக நிற்கிறது.

நுனியை வெட்டச் சொன்னதுதான் பெரிய மாற்றம். இலையை உருவாமல் நுனிக் கொத்தோடு வெட்டினேன். கீழிருந்து பக்கக் கிளைகள் வந்தன. மொட்டையும் கிள்ளிவிட்டேன். பழைய இலை பச்சையாக இருந்து தளிர் மட்டும் வெளிறினால் இரும்புச் சத்துக் குறைவு. வேரில் நீர் தேங்கினாலும் அப்படி ஆகும். அதனால் தொட்டியின் துளையைச் சுத்தம் செய்து, மண்ணில் மணல் கலந்து, புளித்த மோரை நீர்த்து ஊற்றினேன்.

அப்புறம் புழு. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம் என்பதால் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி இதிலும் முட்டையிடும். குட்டிப் புழு பறவை எச்சம் போலவே இருக்கும், உற்றுப் பாருங்கள். நான் பொறுக்கிப் பக்கத்து நாரத்தையில் விட்டுவிடுகிறேன். சாப்பிடும் இலைக்கு மருந்து அடிக்கவே கூடாது.

ஆரியங்காவு மதினி வந்தபோது இந்த இலையில்தான் அவியல். இறக்கியதும் பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டு, இலையைக் கசக்கிப் போட்டு, உடனே மூடிவிட வேண்டும். தாளித்தால் இந்த மணம் கிடைக்காது!

வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பியிருக்கின்றன. தென்காசிப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், பிரித்துத் தருகிறேன்.