புதுப்பிப்பு: அப்பாவின் பெட் சிடி (PET-CT ஸ்கேன்) முடிவு வந்துவிட்டது

அப்பாவின் நுரையீரலில் சிடியில் கட்டி தெரிந்தபின் பெட் சிடியும் எதற்கு, நேராக பயாப்சி (கட்டியிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பது) போதாதா என்று கேட்டிருந்தேன் இல்லையா, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எடுத்தது நல்லதாகப் போயிற்று. சிடி கட்டியின் அளவையும் இடத்தையும் காட்டும். பெட்டில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த சர்க்கரையை நரம்பில் ஏற்றி, சுமார் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க வைத்து, எந்தத் திசு அதை அதிகம் இழுத்துக்கொள்கிறது என்று பார்க்கிறார்கள்; அப்படி இழுக்கும் இடம் படத்தில் ஒளிரும், புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான். (முன்கூட்டியே பட்டினி, ரத்தச் சர்க்கரைச் சோதனை எல்லாம் அதற்குத்தான்.) படத்தில் மூளையும் சிறுநீர்ப்பையும் பளிச்சென்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டோம், ஆனால் அது யாருக்கும் இயல்புதானாம்.

கட்டியோடு மார்பின் நடுவில் ஒரு நிணநீர்க் கணுவும் ஒளிர்ந்தது. காசநோய் இருந்தாலும் இப்படி ஒளிரலாம் என்பதால் படத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாமல், மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே அந்தக் கணுவில் ஊசி போட்டு எடுத்தார்கள். புற்றணுக்கள் இருந்தன, அதாவது நோய் கணுவரை பரவிவிட்டது. அதனால் முதலில் பேசிய அறுவை சிகிச்சை இப்போதைக்கு இல்லை, கீமோவும் கதிர்வீச்சும்தான்.

மூளை எப்படியும் ஒளிர்வதால் அங்கே சின்னதாகப் பரவியிருந்தால் பெட்டில் தெரியாமல் போகலாம், அதற்குத் தனியாக எம்ஆர்ஐ. அதில் ஒன்றும் இல்லை, அப்பாடா!

அடுத்து கதிர்வீச்சுத் திட்டத்துக்கு நாற்பரிமாண சிடி, மூச்சு விடும்போது கட்டி எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க. சிகிச்சை முடிந்த கையோடு பெட் எடுத்தால் கதிர்வீச்சால் வந்த அழற்சியும் சேர்ந்து ஒளிருமாம், அதனால் அது சில வாரம் கழித்துத்தான்.