கார் பேட்டரி "80 சதம்" காட்டினா வீட்டு சோலாருக்கு பத்து வருஷம் ஓடுமாம், அந்த 80ஐ அளந்தது யாரு?

வோல்ட்வாத்தியார்:
நேத்து ஒரு வீடியோ பாத்ததுல இருந்து எரிச்சல் தாங்கல. "அடிபட்டு நிக்கற மின்சாரக் காரோட பேட்டரி 80 சதவீதம் ஹெல்த் காட்டுச்சுன்னா கண்ணை மூடிட்டு வாங்குங்க, வீட்டு சோலாருக்கு பத்து வருஷம் அசையாம நிக்கும், புதுசு வாங்கறவன் ஏமாளி"ன்னு ஒருத்தர் அடிச்சு விடறாரு, கீழ எல்லாரும் சூப்பர் சூப்பர்னு கைதட்டறாங்க. ஹெல்த்துன்னா புதுசுல இருந்த கெபாசிட்டில எவ்வளவு மிச்சம்னு அர்த்தம். எனக்கு ஒரே கேள்விதான். அந்த 80ஐ அளந்தது யாரு? முழுசா சார்ஜ் பண்ணி, லோடு போட்டு, எத்தனை ஆம்பியர் அவர் வெளிய வந்துச்சுன்னு யாராவது எண்ணினாங்களா? இல்ல. காரோட பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணிக்கற சர்க்யூட், அதுவா ஒரு கணக்குப் போட்டு ஒரு நம்பரைக் காட்டுது, இவங்க அதை வேதவாக்கா எடுத்துக்கறாங்க.

பழஞ்சரக்கு:
வாத்தியார் வந்துட்டாரு, இனி யாரும் எதுவும் செய்யக் கூடாது. நான் நிசான் லீஃப்ங்கற மின்சாரக் காரோட பழைய மாட்யூல்லதான் (சில செல்லை அடக்கின சின்னப் பெட்டி) வீட்டை ஓட்டிட்டு இருக்கேன், ஃப்ரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாம் அதுலதான் ஓடுது. இந்த பேட்டரி கார்ல இருந்தப்ப 80 கிலோவாட் மோட்டாரை இழுத்துச்சு சார், 24 கிலோவாட் அவர் பேக்ல அது 3 சிக்கு மேல (1 சின்னா முழு பேட்டரியும் ஒரு மணி நேரத்துல தீர்ற வேகம்). வீட்ல நான் இழுக்கறது 2 கிலோவாட். 0.1 சி கூட வராது. பந்தயத்துல ஓடின குதிரைக்கு புல்லுக்கட்டு சுமக்க முடியாதா? 80 என்ன, 70 காட்டினாலும் நான் வாங்குவேன்.

மின்பித்தன்:
ரெண்டு பேரும் எதுக்கு பழசைக் கட்டிட்டு அழறீங்க, புது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 16 வாங்கி சீரிஸ்ல போடுங்க, 51.2 வோல்ட், நிம்மதி. கார்ல இருந்து வர்ற என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் செல்) எல்லாம் வெடிகுண்டு, வீட்டுக்குள்ள வெக்கற பொருளே இல்ல.

பழஞ்சரக்கு:
@மின்பித்தன் முதல்ல படிச்சுட்டு வாங்க. முதல் தலைமுறை லீஃப் என்எம்சி கிடையாது, மாங்கனீஸ் கெமிஸ்ட்ரி. அதுவே தெரியாம வெடிகுண்டுன்னு பேச வந்துட்டீங்க.

வோல்ட்வாத்தியார்:
கெமிஸ்ட்ரி அப்புறம். என் கேள்விக்கு பதில் வரல, மறுபடியும் கேக்கறேன், 80ஐ அளந்தது யாரு? லீஃப் டாஷ்போர்டுல கெபாசிட்டியைக் காட்டற 12 கோடு இருக்கே, அதுல முதல் கோடு விழறதுக்கே 15 சதம் கெபாசிட்டி போகணும், அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு கோட்டுக்கும் 6.25 சதம். அதாவது 12 கோடும் முழுசா எரியற கார்ல பேட்டரி 100ஆவும் இருக்கலாம் 86ஆவும் இருக்கலாம். இந்த லட்சணத்துல 80னு கரெக்டா எப்படிச் சொல்றீங்க?

அடுத்தது உங்க 0.1 சி கதை. 24 கிலோவாட் அவர் முழு பேக்கை வெச்சுட்டு 2 கிலோவாட் இழுத்தா 0.1 சி, சரி. ஆனா நீங்க முழு பேக்கா வெச்சிருக்கீங்க? பேக்ல மொத்தம் 48 மாட்யூல், ஒவ்வொண்ணும் ஏறக்குறைய அரை கிலோவாட் அவர், நீங்க அதுல 7 எடுத்து 14 எஸ் (14 செல் ஜோடி சீரிஸ்ல) கட்டி 48 வோல்ட் இன்வெர்ட்டர்ல மாட்டிருக்கீங்க, படமே போட்டீங்க போன மாசம். அப்ப 2 கிலோவாட்டுக்கு 40 ஆம்பியர் ஓடும். மாட்யூல் புதுசுலயே 66 ஆம்பியர் அவர்தான், நீங்க சொல்ற 80 சதம்னா 53. அது 0.75 சி. 0.1க்கும் 0.75க்கும் வித்தியாசம் தெரியாமத்தான் மூணு மாசமா எல்லாருக்கும் ஆலோசனை சொல்லிட்டு இருக்கீங்களா?

பழஞ்சரக்கு:
0.75 சியாவே இருக்கட்டும், 3 சி பாத்த பேட்டரிக்கு 0.75 ஒரு பெரிய விஷயமா? மோட்டார் ஓடற நேரத்துல மட்டும்தான் 2 கிலோவாட், மத்த நேரம் 300 வாட் கூட இல்ல. நீங்க எப்பவும் ஒரு ஓரத்து கேஸைப் பிடிச்சு தொங்குவீங்க, லெட் ஆசிட் திரியிலயும் இதேதான் பண்ணீங்க, நான் மறக்கல.

வோல்ட்வாத்தியார்:
லெட் ஆசிட் திரியில நான் சொன்னதுதான் நடந்துச்சு, அதை அங்கேயே போய்ப் பாருங்க.

இப்ப ஒரு உதாரணம் சொல்றேன். என்கிட்ட வந்த ஒரு செட், ஹெல்த் 81 காட்டின கார்ல இருந்து கழட்டினது. லீஃப் மாட்யூல்ல மூணு டெர்மினல் இருக்கும், ஓரத்துல ரெண்டு, நடுவுல ஒண்ணு, உள்ள இருக்கற ரெண்டு ஜோடி செல்லையும் தனித்தனியா பாக்கலாம். 14 ஜோடியையும் சமமா 3.72ல நிறுத்தி 40 ஆம்பியர் லோடு போட்டேன். பதிமூணு ஜோடி 3.65 பக்கம் நின்னுச்சு. ஒண்ணு மட்டும் 3.41க்கு இறங்குச்சு. லோடை எடுத்தா கொஞ்ச நேரத்துல 3.70க்கு ஏறி நல்ல பிள்ளை மாதிரி நிக்குது. சும்மா மீட்டர் வெச்சுப் பாத்தா யாருக்கும் தெரியாது. கணக்குப் போடுங்க, மத்ததெல்லாம் 1.75 மில்லி ஓம், இது 7.75. அதே 40 ஆம்பியர்ல மத்த ஜோடி 3 வாட் கூட சூடு தரல, இது 12 வாட்டுக்கு மேல. நெருக்கி அடுக்கின மாட்யூலுக்கு நடுவுல ஒரே இடத்துல 12 வாட், மோட்டார் ஓடற நேரம் முழுக்க. உங்க 81 சதம் இதைச் சொல்லுச்சா? சொல்லல. அதான் கேக்கறேன் அளந்தது யாருன்னு.

அமைதிப்புயல்:
நண்பர்களே சண்டை வேண்டாம். ஆம்ஸ்டர்டாம்ல யோஹன் க்ரைஃப் அரீனா ஸ்டேடியத்துல 2018லயே 148 லீஃப் பேட்டரிக்குச் சமமா 3 மெகாவாட் ஸ்டோரேஜ் வெச்சாங்க, பழைய கார் பேட்டரியும் அதுல இருக்கு. ஒரு ஸ்டேடியமே ஓடுதுன்னா வீடு ஓடாதா? ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

வோல்ட்வாத்தியார்:
நியாயம் ரெண்டு பக்கமும் இல்ல சார், தயவு செஞ்சு பஞ்சாயத்து பண்ணாதீங்க. அந்த அரீனால புது பேட்டரியும் பழசும் சேந்து இருக்கு, பின்னாடி ஒரு எஞ்சினியர் கூட்டமே வேலை பாக்குது. பழைய பேட்டரியை எப்படித் தரம் பிரிக்கணும்னு 2018லயே யூஎல் 1974னு ஒரு ஸ்டாண்டர்டே வந்தாச்சு. டாஷ்போர்டு நம்பரே போதும்னா அந்த ஸ்டாண்டர்டு எதுக்கு?

கேன்பஸ்:
நீங்க எல்லாரும் மாட்யூலைப் பிரிக்கறதுலதான் தப்பே பண்றீங்க. பேக்கைத் திறக்கவே கூடாது. முழுசா 360 வோல்ட் பேக், அதோட பிஎம்எஸ், அதோட கான்டாக்டர் (பேக்கை இணைக்கற பெரிய ஸ்விட்ச்), அப்படியே வெச்சு, பேட்டரி எமுலேட்டர்னு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் இருக்கு, சின்ன இஎஸ்பி32 போர்டுதான், அது கார் பேசற கேன் மெசேஜை (காரோட பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற டேட்டா) ஹைவோல்டேஜ் இன்வெர்ட்டருக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கும். 96 ஜோடியோட வோல்டேஜும் தெரியும். 40 ஆம்பியர் பஞ்சாயத்தே வராது, 2 கிலோவாட்டுக்கு 6 ஆம்பியர்கூட வராது. தம்பி பழஞ்சரக்கு, நல்லா இருக்கற பேக்கை எதுக்குப்பா உடைச்சே?

பழஞ்சரக்கு:
தம்பின்னு கூப்பிடற வேலையெல்லாம் வேண்டாம், உங்க வயசு எனக்குத் தெரியாது என் வயசு உங்களுக்குத் தெரியாது. 360 வோல்ட் டிசி வீட்டு சுவத்துல தொங்கட்டும்னு சொல்றீங்க, ஏசி மாதிரி டிசில கரண்ட் நொடிக்கு நூறு தடவை ஜீரோ தொடாது, ஆர்க் (காத்துல பாயற மின்பொறி) பிடிச்சா தானா அணையாது. சாதா ஏசி பிரேக்கரை மாட்டினவன் கதி என்னன்னு தெரியும்ல? நான் 48 வோல்ட்ல இருக்கறது அதுக்குத்தான்.

கேன்பஸ்:
டிசி ரேட்டிங் பிரேக்கர், சரியான ஃப்யூஸ் போடத் தெரியாதவங்க எந்த வோல்ட்லயும் இறங்கக் கூடாது. 48 வோல்ட்ல ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனர் உருகும், அது மட்டும் பாதுகாப்பா? ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் (முதல்ல பாயற கரண்டை மட்டுப்படுத்தறது) இல்லாம இன்வெர்ட்டரை மாட்டி, கெபாசிட்டர் இழுத்த இழுப்புல பொறி பறந்த வீடியோ யார் போட்டதுன்னு இங்க பல பேருக்கு ஞாபகம் இருக்கு.

பழஞ்சரக்கு:
அது டெஸ்டிங். எடிட் பண்ணாம போட்டேன், அவ்வளவுதான். பேசறதுக்கு வேற ஒண்ணும் இல்லன்னா இதைத்தான் இழுப்பீங்க.

மின்பித்தன்:
எல்எஃப்பின்னா இந்தப் பேச்சே வந்திருக்காது. பாஸ்பேட்ல ஆக்சிஜன் இறுக்கமா பிணைஞ்சு இருக்கு, சூடானாலும் சுலபத்துல விடாது. மத்ததெல்லாம் அப்படி இல்ல.

வோல்ட்வாத்தியார்:
@மின்பித்தன் எல்எஃப்பி எரியாதுன்னு நெனைக்காதீங்க, எலக்ட்ரோலைட் அதுலயும் எரியற திரவம்தான், வெளிய வர்ற வாயுவும் எரியும். அது இல்லாம பழைய எல்எஃப்பில இந்த அளக்கற தலைவலி இன்னும் ஜாஸ்தி, வோல்டேஜ் 3.2, 3.3ல படுத்தே கிடக்கும், பாதி சார்ஜா முக்கால் சார்ஜான்னு மீட்டரை வெச்சு சொல்லவே முடியாது. நான் எந்த கெமிஸ்ட்ரிக்கும் வக்கீல் இல்ல.

சரி, ஹெல்த் நம்பரை நம்பறவங்க இதுக்கு பதில் சொல்லுங்க. 2021ல ஷெவர்லே போல்ட் கார் எல்லாத்தையும் ஜிஎம் திரும்பக் கூப்பிட்டாங்க, எதுக்கு? செல்லுக்குள்ள ஆனோடு டேப் (நெகட்டிவ் பக்கத்து இணைப்புத் தகடு) கிழிஞ்சும் செப்பரேட்டர் (ரெண்டு பக்கத்தையும் பிரிக்கற படலம்) மடிஞ்சும் ஒரே செல்லுல வந்தா தீப்பிடிக்குதுன்னு. தேய்ஞ்சு கெபாசிட்டி போன பேட்டரியா அது? நல்லா ஓடிட்டு இருந்த கார். ஹெல்த்துன்னு நீங்க சொல்ற அந்த நம்பர்ல இந்தக் குறை எங்கயும் தெரியாது. இதோட அடிபட்ட கார்ல இருந்து வந்த பேக்னா, உள்ள எது நசுங்கிருக்குன்னு எந்த நம்பர் சொல்லும்? முழுசா சார்ஜ் பண்ணி ரெண்டு வாரம் சும்மா போட்டுட்டு எந்த ஜோடி தானா இறங்குதுன்னு பாருங்க, அதுல மாட்டும் உள்ள கசியற செல். அதுக்குத்தான் ஒருத்தருக்கும் பொறுமை இல்ல, டாஷ்போர்டைப் படம் எடுத்து 80 இருக்கு வாங்கிக்கோன்னு வித்துடறாங்க.

பழஞ்சரக்கு:
போல்ட் கார் கதை ஃபேக்டரி குறை, அது புது பேட்டரிலயும் வரும், அப்ப புதுசும் வாங்கக் கூடாதா? உங்க வாதத்தை நீங்களே உடைக்கறீங்க. 80 இருக்கு, ஓடுது, ஓடிட்டே இருக்கு. வேலை செய்யற சிஸ்டத்தைப் பாத்து வேலை செய்யாதுன்னு நிரூபிக்கறவரை இங்கதான் பாக்கறேன்.

வோல்ட்வாத்தியார்:
ஓடுதுன்னா இன்னைக்கு ஓடுதுன்னு மட்டும்தான் அர்த்தம். கெபாசிட்டி நேர்கோட்டுல இறங்கிட்டே வரும்னு நெனைக்கறீங்க, ஒரு கட்டத்துக்கு மேல சில செல் மடமடன்னு சரியும், அந்தச் சரிவு தொடங்கற முட்டி எங்க இருக்குன்னு 80ங்கற நம்பர் சொல்லாது. 2012ல அரிசோனா வெயில்ல லீஃப் வெச்சிருந்தவங்க சீக்கிரமே கோடு விழுதுன்னு புகார் பண்ணாங்களே, அந்த பேக்குக்கு லிக்விட் கூலிங் கிடையாது. வெயில்ல கிடந்து 80க்கு வந்த பேக்கும், குளிர்ல மெதுவா 80க்கு வந்த பேக்கும் ஒண்ணா? பத்து வருஷம்னு எந்த தைரியத்துல சொல்றாரு அந்த வீடியோக்காரர்?

அமைதிப்புயல்:
ஐரோப்பால 2027 பிப்ரவரில இருந்து கார் பேட்டரிக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வருது, அதுக்கப்புறம் பழைய பேட்டரியோட விவரம் எல்லாம் அதுலயே தெரியும்ல, பிரச்சினை தீந்துடும்.

கேன்பஸ்:
தெரியும். அதையும் கொடுக்கப் போறது பிஎம்எஸ்தான், வாத்தியார் அதையும் நம்ப மாட்டார்.

வோல்ட்வாத்தியார்:
கரெக்ட், நம்ப மாட்டேன். அளந்து பாத்துட்டுத்தான் நம்புவேன்.

@பழஞ்சரக்கு உங்க 14 ஜோடியோட லோடு ரீடிங்கை இங்க போடுங்க. லீஃப் ஸ்பை (லீஃப் பேட்டரி விவரம் காட்டற ஆப்) ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், அது கார்ல இருந்தப்ப எடுத்தது. இப்ப, 40 ஆம்பியர்ல, ஒவ்வொரு ஜோடியா.

பழஞ்சரக்கு:
உங்களுக்கு ரீடிங் காட்டணும்னு எனக்கு என்ன அவசியம்? நீங்க என்ன இன்ஸ்பெக்டரா? முதல்ல உங்க அடுக்கோட படத்தைப் போடுங்க, ரெண்டு பக்கமும் தகடு வெச்சு போல்ட் போட்டு இறுக்கிருக்கீங்களா இல்ல தரையில சும்மா படுக்க வெச்சுட்டு 3.41 3.65னு பேசறீங்களான்னு பாக்கலாம். பௌச் செல்லை (பை மாதிரி இருக்கற செல்) இறுக்காம டெஸ்ட் பண்ணா ரீடிங் அப்படித்தான் வரும்.

வோல்ட்வாத்தியார்:
எட்டு எம்எம் தகடு ரெண்டு பக்கமும் இருக்கு, நாலு ராடு போட்டு இறுக்கிருக்கு. படம் போடறேன், நீங்க ரீடிங் போட்டதுக்கப்புறம்.

பழஞ்சரக்கு:
நீங்க முதல்ல.

மின்பித்தன்:
எட்டு எம்எம் இரும்பா அலுமினியமா? அலுமினியம்னா நடுவுல வளையும்.

வோல்ட்வாத்தியார்:
வளையாது. தகடு பத்தி பேசணும்னா தனித் திரி போடுங்க, அங்க வரேன்.