சோலைமந்தி கணவாயைத் தாண்டுமா, தாண்டாதா?

கோடநாட்டுக்காரன்:
நேற்று 'பேரிஜம்' என்பவர் இங்கே எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன். "வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் வீட்டுக்குள் புகுந்து சோற்றுப் பானையைத் திறக்கின்றன. ஒரு 20 குரங்கைக் கூண்டில் பிடித்து லாரியில் ஏற்றி நீலகிரிச் சரிவில் விட்டால் அவர்களுக்கும் நிம்மதி, இந்தப் பக்கமும் இனம் பெருகும். எல்லாம் ஒரே குரங்குதானே."

ஒரே குரங்காம்! படித்ததும் டீ புரையேறிவிட்டது. தெற்கே ஆனைமலையில் வால்பாறை, வடக்கே நீலகிரி, நடுவில் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டருக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதே, அது இவர் கண்ணில் படவில்லையா? சோலைமந்தி, அதாவது நீங்கள் சொல்கிற சிங்கவால் குரங்கு, மரத்தோடு மரமாக வாழ்கிற பிராணி. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் வரட்டும். சோலைமந்தி கணவாயைத் தாண்டுமா?

பேரிஜம்:
அண்ணே, மந்தி தாண்டும் என்று நான் எங்கே எழுதினேன்? லாரி தாண்டும் என்றுதான் எழுதினேன்.

கோடநாட்டுக்காரன்:
சிரித்துவிட்டேன், போதுமா? இனி விஷயத்துக்கு வாருங்கள். ஐதராபாத்தில் இருக்கிற 'செல், மூலக்கூறு உயிரியல் மைய' ஆட்களும் மற்றவர்களும் சேர்ந்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சோலைமந்தியில் கணவாய்க்கு வடக்கே ஒரு வம்சம், தெற்கே ஒரு வம்சம். பிரிந்து 21 லட்சம் ஆண்டு ஆகிறது என்று கணக்கு. சைலண்ட் வேலியும் அதற்கு வடக்கே கர்நாடகக் காடுகளும் ஒரு பக்கம். ஆனைமலை முதல் களக்காடு வரை மறுபக்கம். மனிதன் மனிதனாகும் முன்பே பாகம் பிரித்துக்கொண்ட குடும்பத்தை நீங்கள் லாரி வைத்து ஒன்று சேர்க்கப் போகிறீர்கள். தாண்டியிருந்தால் இந்தப் பிரிவு வந்திருக்குமா?

ஈரக்காடு:
சார், நான் ஆராய்ச்சி மாணவி, ஒரு திருத்தம். அந்த ஆய்வில் பார்த்தது மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் இருக்கும் சிறு உறுப்பு) டிஎன்ஏவில் ஏறக்குறைய 900 எழுத்துகள். குரங்கின் முழு மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்துகள். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வரும். சோலைமந்தியில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும், ஆண்கள்தான் கூட்டம் மாறும். அதனால் தாய்வழியை மட்டும் பார்த்தால் பிரிவு உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிய வாய்ப்புண்டு. பிரிவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'வேறு வம்சம்' என்றால் என்ன, துணையினமா, தனியாகப் பார்த்துப் பாதுகாக்க வேண்டிய 'மேலாண்மைப் பிரிவா' என்று முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

பேரிஜம்:
ஆக, அம்மா பக்கத்தை மட்டும் விசாரித்துவிட்டு ஜாதகம் எழுதியிருக்கிறார்கள். அப்பன் எந்த ஊர் என்று கேட்கவே இல்லை! ஆண் மந்தி நடந்து போயிருக்கலாமே?

கேத்தி வாத்தியார்:
'ஆண் மந்தி' என்று எழுதாதீர்கள் தம்பி, கண் கூசுகிறது. பழந்தமிழில் மந்தி என்றால் பெண் குரங்கு, ஆணுக்குக் கடுவன். அந்தப் பெண் சொல்வதை நம் மொழியில் சொன்னால், மந்தி இருந்த இடத்தில் இருக்கும், கடுவன்தான் ஊர் மாறும். இரண்டு சொல் இருந்த இடத்தில் ஒன்றைத் தொலைத்துவிட்டு இப்போது அடித்துக்கொள்கிறீர்கள்.

கோடநாட்டுக்காரன்:
வாத்தியார் ஐயா, வணக்கம். கடுவனே ஆகட்டும். தாண்டுமா? நெல் வயல், ரயில் பாதை, தேசிய நெடுஞ்சாலை, ஊர் மேல் ஊர். யார் பார்த்தது? ஒரு படம் காட்டச் சொல்லுங்கள்.

பேரிஜம்:
21 லட்சம் வருடக் கதை பேசும்போது நெடுஞ்சாலை எங்கிருந்து வந்தது? அப்போது அங்கே டோல்கேட் இருந்ததா?

கோடநாட்டுக்காரன்:
விதண்டாவாதம். யானையை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரி யானைகளும் ஆனைமலை - பெரியாறு யானைகளும் மரபணுவில் வேறுபடுகின்றன என்று ஏற்கெனவே ஆய்வு வந்துவிட்டது. நீலகிரி வரையாட்டிலும் கணவாய்க்கு வடக்கு ஒரு மாதிரி, தெற்கு ஒரு மாதிரி. மைல் கணக்கில் நடக்கிற யானைக்கே அந்தக் கணவாய் சுவராக நின்றிருக்கிறது. ஏழெட்டுக் கிலோ எடையுள்ள மந்தி எம்மாத்திரம்?

பேரிஜம்:
வரையாட்டைச் சொன்னதால் கேட்கிறேன். பெரிய கூட்டம் இருப்பது மூணாறு பக்கம் இரவிகுளத்தில். எங்கள் பழனி மலையிலும் இருக்கிறது. பெயர் மட்டும் 'நீலகிரி' வரையாடு! கருமந்தி ஆனைமலையிலும் உண்டு, அகத்தியமலையிலும் உண்டு. அதற்கும் 'நீலகிரி' லங்கூர். எதைக் கண்டாலும் ஊட்டிக்காரர்கள் பட்டா போட்டுவிடுகிறீர்கள். நல்லவேளை, எங்கள் பழனிச் சிரிப்பான் குருவியை மட்டும் விட்டுவைத்தீர்கள்.

கோடநாட்டுக்காரன்:
சிரிப்பானை இழுத்தது நீங்கள்தான், நினைவிருக்கட்டும். நீலகிரிச் சிரிப்பான் வேறு இனம், பழனிச் சிரிப்பான் வேறு இனம் என்று பிரித்துவிட்டார்கள். நடுவில் என்ன இருக்கிறது? அதே கணவாய். இறக்கை இருக்கிற குருவியே தாண்டவில்லை! உங்கள் வாயாலேயே என் கட்சியைச் சொல்லிவிட்டீர்கள். நன்றி.

பேரிஜம்:
சோலைக் குருவி குளிரைவிட்டு இறங்காது. சோலைமந்தி அடிவாரத்து மழைக்காட்டிலும் இருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். நான் ஒன்றும் புத்தகத்தில் படித்துப் பேசவில்லை. சின்ன வயதில் அப்பாவோடு கொடைக்கானல் பேரிஜம் ஏரிப் பக்கம் போனபோது கண்ணால் பார்த்தவன்.

கோடநாட்டுக்காரன்:
பேரிஜத்திலா? உடம்பு கறுப்பு, தலையில் பழுப்பு மயிர், தொங்குகிற நீள வாலா?

பேரிஜம்:
ஆமாம்.

கோடநாட்டுக்காரன்:
அதுதான் கருமந்தி! சோலைமந்திக்கு முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி இருக்கும், வால் நுனியில் குஞ்சம் இருக்கும். குரங்கையே மாற்றிப் பார்த்தவர் மரபணுவுக்குத் தீர்ப்பு சொல்ல வந்துவிட்டார். போன வருடம் காட்டுமாட்டுப் படத்தைப் போட்டு 'காட்டெருமை' என்று எழுதிய ஆள்தானே நீங்கள்?

பேரிஜம்:
வந்துவிட்டதா? இன்னும் காணோமே என்று நினைத்தேன். கொடைக்கானலில் கைக்குழந்தைகூடக் காட்டெருமை என்றுதான் சொல்லும், பத்திரிகையும் அப்படித்தான் போடுகிறது. அன்றைக்கு 40 பேர் முன்னால் என்னை நீங்கள் கிண்டல் செய்ததை நான் மறக்கவில்லை.

வால்பாறைப் பொண்ணு:
எனக்கு அம்மா வீடு வால்பாறை, இப்போது இருப்பது குன்னூர். புதுத்தோட்டத்துக் காடு 100 ஹெக்டேர்கூட இருக்காது, சுற்றிலும் தேயிலை. அதில் சோலைமந்திகள் 150க்கு மேல் இருக்கின்றன. எங்கள் லைன் வீட்டுத் தகரக் கூரையை நகர்த்திவிட்டு இறங்கும். ரோட்டில் அடிபட்டுச் செத்ததைப் பார்த்து அழுதிருக்கிறேன். அப்புறம் மரத்துக்கு மரம் கேன்வாஸ் பட்டையில் பாலம் கட்டினார்கள், அதில் ஏறிப் போவது அவ்வளவு அழகு. உங்கள் சண்டையில் ஒன்று மட்டும் புரியவில்லை. அவற்றைக் கொண்டு போனால் நல்லதா, கெட்டதா?

ஈரக்காடு:
அக்கா, சரியான கேள்வி. கூட்டம் பெருத்திருப்பதால் மரபணு வளமும் பெருத்திருக்கும் என்று அர்த்தமில்லை. கணவாயைக் காட்டுகிற அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. ஆனைமலையின் துண்டுக் காடுகளில் இருக்கும் கூட்டங்களில், பெரிய தொடர்காட்டுக் கூட்டங்களைவிட மைட்டோகாண்ட்ரியா வகைகள் குறைவு. சில பெண் குரங்குகளின் சந்ததியே திரும்பத் திரும்ப வருகிறது. முழு மரபணுவைப் படித்தால் இன்னும் தெளிவாகும். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே மாதிரி வந்த நீண்ட டிஎன்ஏ துண்டுகளை எண்ணினால் உறவுக்குள் இனப்பெருக்கம் எவ்வளவு நடந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் காட்டில் ரத்தம் எடுக்க முடியாது, கிடைப்பது சாணம்தான். அதில் பாக்டீரியாவும் தின்ற பழமும் கலந்திருக்கும். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா ஏராளம் என்பதால் அது எளிதில் கிடைத்துவிடும், மற்றது கடினம். இடம் மாற்றுவதென்றால் முதலில் தெற்குப் பக்கத்துக் கூட்டங்களுக்குள்ளேயே...

கோடநாட்டுக்காரன்:
பார்த்தீர்களா, இந்தப் பெண்ணும் கணவாய் இருக்கிறது என்றுதான் சொல்கிறது.

ஈரக்காடு:
சார், நான் அதைச் சொல்லவில்லை.

பேரிஜம்:
அவர் சொன்னது அம்மா வழி மட்டும்தான் பார்த்தார்கள் என்று. படித்துப் பாருங்கள். கடுவன் தாண்டியிருக்கலாம்.

கேத்தி வாத்தியார்:
கடுவன் என்று எழுதியதற்கு மகிழ்ச்சி.

கோடநாட்டுக்காரன்:
'இருக்கலாம், இருக்கலாம்'. என் தாத்தா கலெக்டராகக்கூட இருந்திருக்கலாம். அது மட்டுமில்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணைப் பிராணி இது. கூண்டு, லாரி என்று சும்மா பேசினாலே காட்டிலாகா வீட்டு வாசலில் நிற்கும். காட்டில் மொத்தமே 4000க்குள்தான் மிச்சம். மந்தி முதல் குட்டி போடவே ஆறு வயது தாண்டிவிடும், ஒரு தடவைக்கு ஒரு குட்டி. அது தின்கிற வெடிப்பலா மரம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் தேயிலைக்கு நடுவில் இறக்கிவிட்டால் எது பிழைக்கும்? நான் 30 வருடமாக இந்தச் சரிவுகளில் நடக்கிறவன். கேட்டது ஒரே கேள்வி, நேற்றிலிருந்து பதில் இல்லை.

வால்பாறைப் பொண்ணு:
அண்ணா, 30 வருடத்தில் நம் பக்கம் சோலைமந்தி எத்தனை தடவை பார்த்தீர்கள்?

கோடநாட்டுக்காரன்:
அது இங்கே பேச்சில்லை அம்மா.

பேரிஜம்:
ஆஹா! கருமந்திக்காரனை அவ்வளவு கேலி செய்தாரே, இப்போது என்ன ஆயிற்று? வால்பாறை அக்கா, நன்றி.

கோடநாட்டுக்காரன்:
நான் பார்த்தேனா என்பதல்ல கேள்வி, தாண்டுமா என்பதுதான் கேள்வி. இங்கே மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் எந்த நிமிடமும் போகும். காலையில் வந்து பார்ப்பேன். தாண்டும் அல்லது தாண்டாது, ஒரு சொல்லில் எழுதி வையுங்கள்.

பேரிஜம்:
முதலில் காட்டெருமை விஷயத்துக்கு மன்னிப்பு. அப்புறம்தான் மந்தி.

கேத்தி வாத்தியார்:
காட்டுமாடு.