எசேக்கியேல் 34:16 – அழிப்பாரா, காப்பாரா? எபிரேயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு வேதபாட வகுப்புக்கு பைபிளில் எசேக்கியேல் 34-ஆம் அதிகாரம் எடுத்திருக்கிறேன். ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன்.

முதல் பாதியில் சிக்கல் இல்லை. எருசலேம் விழுந்த செய்தி 33-ஆம் அதிகாரத்தில்தான் எசேக்கியேல் சிறைப்பட்டிருக்கும் பாபிலோனுக்கு வந்து சேருகிறது, உடனே அடுத்த அதிகாரத்தில் "மேய்ப்பர்கள்" மேல் வழக்கு. அங்கே மேய்ப்பன் என்றால் ராஜா, அதிகாரிகள்; மந்தை என்றால் மக்கள். கொழுத்ததை அடித்துத் தின்றார்கள், ஆட்டுமயிரை உடுத்தினார்கள், எலும்பு முறிந்ததற்குக் கட்டுப் போடவில்லை. மந்தையை இனி நானே மேய்ப்பேன் என்று கர்த்தர் எடுத்துக்கொள்கிறார். எரேமியா 23-லும் இதே தொனி.

குழப்பம் 16-ஆம் வசனத்தில். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் புஷ்டியும் பெலமும் உள்ளவைகளை "அழிப்பேன்" என்று இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் "காப்பேன்" என்று இருக்கிறதாம், பழைய லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவும் அப்படியே. எபிரேயத்தில் தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகளும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் வந்த வித்தியாசம் என்கிறார்கள்.

எனக்கு "அழிப்பேன்"தான் சரியாகப் படுகிறது. பின்னாலேயே கொழுத்த ஆடுகள் மெலிந்தவற்றை விலாவால் தள்ளி, கொம்பால் முட்டி, குடித்த மிச்சத் தண்ணீரைக் காலால் கலக்கிவிடுவது வருகிறதே! அப்போது தீர்ப்பு ராஜாக்களுக்கு மட்டுமில்லை, மந்தைக்குள்ளும்தானே?

எந்த வாசிப்பு மூலத்துக்கு நெருக்கம், ஏன்? தமிழில் நல்ல விளக்கவுரை இருந்தாலும் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் புண்ணியமாப் போகும்.