பாராசூட் விரியும்போது பயங்கரமாக அடிக்கிறது, தோள் போய்விட்டது. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு வானம் | இரவு 10.40
அவசரம். பாராசூட் விரியும்போது பயங்கரமாக அடிக்கிறது. கடைசி இரண்டு தடவையும் இப்படித்தான். இரண்டாவது தடவை கண்ணே இருட்டிவிட்டது, இடது தோளைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. பேக்கிங் சரியாகத்தான் செய்தேன். அதற்கு முன் மூன்று ஜம்ப்பில் நன்றாக விரிந்தது. இப்போது லீவில் ஊரில் இருக்கிறேன், ரிக்கும் (பாராசூட்டெல்லாம் அடங்கிய முதுகுப் பை) கையோடு இருக்கிறது. 12 நாளில் துபாய் திரும்ப வேண்டும். எதை மாற்ற வேண்டும், ஸ்லைடரா?

ஓசூர் பார்டாக் | இரவு 10.58
என்ன கேனோபி (தலைக்கு மேலே விரியும் துணி), என்ன அளவு, கயிறு எந்த வகை, புதுசா பழசா, உங்கள் எடை எவ்வளவு, இதுவரை எத்தனை ஜம்ப்? ஒன்றுமே சொல்லவில்லையே. அதற்கும் முன்னால், நாளைக் காலையில் தோளை டாக்டரிடம் காட்டுங்கள். கண் இருட்டியது என்றால் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தொப்பூர் கணவாய் | இரவு 11.06
ஸ்லைடர்தான், சந்தேகமே வேண்டாம். நாலு மூலையிலும் வளையம் வைத்த அந்தச் சின்னத் துணிதான் எல்லாக் கயிறுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கேனோபி ஒரே மூச்சில் விரியாமல் தடுக்கிறது. எதிர்க்காற்று அதை மேலேயே பிடித்து நிறுத்தப் பார்க்கும், கேனோபி கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகித்தான் அதை மெல்லக் கீழே தள்ளும். பேக் செய்யும்போது அது மேலே கேனோபியின் அடி விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். சுருட்டும்போது ஒரு சாண் கீழே நழுவியிருந்தால் போதும், ஸ்லைடர் இல்லாத மாதிரிதான். எனக்கு ஒரு தடவை இப்படி ஆகி, ஒரு வாரம் திரும்பிப் படுக்க முடியவில்லை. கொஞ்சம் பெரிய ஸ்லைடர் வாங்கிப் போடுங்கள்.

பாரா சுபேதார் | இரவு 11.30
தம்பி, ராணுவத்தில், ஆக்ராவில் எங்களுக்கு விமானத்தைக் காட்டுவதற்கு முன்னால் எத்தனை நாள் தரையிலேயே உருட்டி எடுத்தார்கள் தெரியுமா? அதெல்லாம் முடித்து ஐந்து ஜம்ப், அதில் ஒன்று இரவில், அதற்கப்புறம்தான் சட்டையில் இறக்கை குத்தினார்கள். இப்போது காசு கட்டினால் ஒரு வாரத்தில் சர்டிபிகேட் கையில். "பேக்கிங் சரியாகத்தான் செய்தேன்" என்று நீயே சொல்லிக்கொண்டால் ஆயிற்றா? பக்கத்தில் நின்று யார் பார்த்தது? அடிப்படை தெரியாமல் ஸ்லைடரை மாற்று, கயிற்றை மாற்று என்பதெல்லாம் வீண்.

பாலக்கோடு வானம் | காலை 7.15
41 ஜம்ப். ஏ லைசென்ஸ், அதாவது முதல் நிலை. கேனோபி ஒன்பது செல் (அறை), 170 சதுர அடி. தெரிந்தவரிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். 600 ஜம்ப் ஆனது என்றார். கயிறு மெல்லிசு, வெள்ளை, ஸ்பெக்ட்ரா என்றார். என் எடை 78. டாக்டரிடம் இன்று போகிறேன்.

ஓசூர் பார்டாக் | காலை 8.02
இப்போதுதான் ஏதோ புரிகிறது. 78 கிலோ, ரிக்கும் உடையும் சேர்த்தால் 90க்குப் பக்கம் வரும். அது ஏறக்குறைய 198 பவுண்டு. 170 சதுர அடியால் வகுத்தால் ஒரு சதுர அடிக்கு 1.16 பவுண்டு. 41 ஜம்ப் ஆனவருக்கு ஒன்றைத் தாண்டாமல் இருப்பதுதான் நல்லது. இது விரியும் அடிக்கான காரணம் இல்லை, இறங்கும்போது காலை வாங்கும்.

நான் சந்தேகப்படுவது கயிறு. ஸ்பெக்ட்ரா சூட்டில் சுருங்கும். ஸ்லைடர் வேகமாக இறங்கும்போது வளையம் கயிற்றில் உரசுகிறதே, அந்தச் சூடே போதும். ஓரத்துக் கயிறும் பிரேக் கயிறும்தான் அதிகம் சுருங்கும். டேக்ரான் கயிறு என்றால் இந்தத் தொல்லை இல்லை, தடியாக இருந்தாலும் கொஞ்சம் இழுபட்டு அடியை வாங்கிக்கொள்ளும். 600 ஜம்ப்பில் ஒரு தடவையாவது கயிறு மாற்றினார்களா என்று விற்றவரைக் கேளுங்கள்.

நான் ஓசூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பார்டாக் (பிரியாமல் இருக்க நெருக்கிப் போடும் தையல்) மெஷினில்தான் பதினாலு வருஷமாக இருக்கிறேன். பிரேக் கயிற்றின் முனையில் இருக்கும் தையலும் அதே பார்டாக்தான். ஆனால் தயவுசெய்து ஊரில் யாரிடமும் தைக்கக் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான். எந்த நூல், ஒரு தையலுக்கு எத்தனை குத்து, கயிற்றுக்குள் கயிறு எவ்வளவு நீளம் புகுந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் கேனோபி செய்தவர்கள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்துச் செய்ய ரிக்கர், அதாவது பாராசூட் பழுதுபார்க்க உரிமம் உள்ளவர், வேண்டும். ஜீன்ஸ் பாக்கெட் பிரிந்தால் திரும்பத் தைக்கலாம், இது அப்படி இல்லை.

கே.ஆர்.பி. கரை | காலை 9.20
வெளிநாட்டில் ஒரு டிராப்ஜோனில் (ஸ்கைடைவ் செய்யும் இடம்) ஆறு வருஷம் பாராசூட் மடிக்கும் பேக்கராக இருந்தேன், இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். ஸ்லைடர், கயிறு இரண்டுமே காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்வி.

ஒன்று, கயிற்றை மடித்துச் செருகும் ரப்பர் பேண்டு எப்படி இருக்கிறது? பேண்டு தளர்ந்திருந்தால் கேனோபி இருக்கும் பை முழுசாக மேலே போவதற்குள் கயிறெல்லாம் ஒரே கொத்தாக உதிர்ந்துவிடும். கயிறு இறுகும் முன்பே கேனோபி பையை விட்டு வெளியே வந்து காற்றை வாங்கும். அப்போது விழுகிற அடி இடி மாதிரி இருக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். புளி நிறுக்கும் ஸ்பிரிங் தராசு உங்கள் ஊரில் எந்தக் கடையிலும் இருக்கும். கயிற்று மடிப்பு ஒன்றில் கொக்கியை மாட்டி மெதுவாக இழுங்கள். நாலு கிலோவுக்கு முன்னால் மடிப்பு கழன்று வந்தால் அந்தப் பேண்டைத் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொன்றாக எல்லா மடிப்பையும் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே தரையில் பாய் விரித்துச் செய்யுங்கள். மொட்டை மாடி வேண்டாம், நம் ஊர் வெயில் நைலானை அரித்துவிடும், சிமெண்டுத் தரை துணியைச் சுரண்டும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். அந்தக் கடைசி இரண்டு ஜம்ப்பிலும் பைலட் சூட்டை (கேனோபியை வெளியே இழுக்கும் சின்னக் குடை) எடுத்து எறிந்த நேரத்தில் உங்கள் உடம்பு எப்படி இருந்தது?

பாரா சுபேதார் | காலை 9.41
உடம்பு எப்படி இருந்தது என்று கேட்பானேன்? கால் இரண்டும் ஒட்டி, முகவாய் நெஞ்சில் பதிந்து இருக்க வேண்டும். இது பாலபாடம்.

கே.ஆர்.பி. கரை | காலை 9.55
ஐயா, அது ஸ்டாட்டிக் லைன் ஜம்ப்புக்கு. விமானத்தில் மாட்டிய கயிறே வட்டக் குடையை இழுத்து விரிக்கும், நீங்கள் விழும் வேகம் கூடுவதற்கு முன்பே தலைக்கு மேலே குடை வந்துவிடும். தம்பி செய்வது வேறு. வயிறு கீழே பார்க்க, கைகால் விரித்து, மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது தானே எறிய வேண்டும். அதில் கால் ஒட்டி நின்றால் வேகம் கூடத்தான் செய்யும். உங்கள் அனுபவத்துக்கு எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதை அப்படியே விட்டால் தம்பிக்கு ஆபத்து.

பாலக்கோடு வானம் | பகல் 1.30
டாக்டர் தசைநார் இழுபட்டிருக்கிறது என்றார், எலும்பு பரவாயில்லை. கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று.
கடைசி இரண்டும் சிட் ஃப்ளை பழகினேன், உட்கார்ந்த மாதிரி விழுவது. ஆனால் எறிவதற்கு முன் வயிற்றுக்குத் திரும்பித்தான் எறிந்தேன். அதற்கும் இதற்கும் என்ன?

இன்னொன்று. நண்பன் ஒருவன் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை மேலிருந்து இதே ரிக்கில் ஒரு ஜம்ப் செய்யலாம் என்கிறான். பேஸ் ஜம்ப்பில் வேகம் குறைவு, அடியும் இருக்காது, தோளுக்கும் நல்லது என்கிறான். ரிசர்வ் பாராசூட்டைத் தானாகத் திறக்கும் சைப்ரஸ் கருவியும் போட்டிருக்கிறேன். சாத்தியமா?

கே.ஆர்.பி. கரை | பகல் 1.52
தம்பி, மலைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இது. நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரிதான் பாதிப் பதில்.

உட்கார்ந்து விழும்போது வேகம் 250ஐத் தொடும். அடியின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 190ல் விழும் அடியைப் போல 250ல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. வயிற்றுக்குத் திரும்பிய அந்த நொடியிலேயே வேகம் குறைந்துவிடாது. காற்று பிடித்து இழுத்துக் குறைக்க நாலைந்து நொடியாவது ஆகும். திரும்பியவுடன் எறிந்தீர்களா, காத்திருந்தீர்களா?

பாலக்கோடு வானம் | பகல் 1.58
உடனே. உயரமானி 3500 அடி காட்டியது, பதற்றத்தில் எறிந்துவிட்டேன்.

கே.ஆர்.பி. கரை | பகல் 2.10
அப்படியென்றால் அடுத்த தடவை 5500லேயே சிட் ஃப்ளையை நிறுத்துங்கள். ஏ லைசென்ஸுக்கு 3000க்கு மேலேயே எறிய வேண்டும், அந்த எல்லையை ஒட்டி விளையாட வேண்டாம். இப்படி விழுந்த அடியில் கழுத்தெலும்பு முறிந்தவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. ஸ்லைடர் ஒழுங்காக இருந்தாலும் இந்த வேகத்தில் அது என்ன செய்ய முடியும்?

தொப்பூர் கணவாய் | பகல் 2.31
வேகம் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்லைடரைப் பார்க்காமல் விடாதீர்கள். வளையத்தின் உள்விளிம்பில் நகத்தை வைத்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் அதுதான் கயிற்றைத் தின்கிறது.

மலை விஷயத்துக்கு வருகிறேன். பேஸ் என்றாலே பைத்தியம் என்று யாரும் அடிக்க வராதீர்கள். கட்டடம் (பில்டிங்), ஆன்டெனா கோபுரம், பாலம் (ஸ்பான்), நிலம் (எர்த்) என்ற நாலின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். 1978ல் கார்ல் போனிஷ் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து குதித்தவர்களைப் படமெடுத்தபோதுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவில் நியூ ரிவர் பள்ளத்தாக்குப் பாலத்தில், 876 அடி உயரம், அக்டோபரில் ஒரு நாள் ஊரே கூடி இதைச் செய்கிறார்கள்.

பாரா சுபேதார் | பகல் 2.45
அந்த போனிஷ் என்ன ஆனார் என்பதையும் சேர்த்துச் சொல்லு. 1984ல் நார்வேயில் பாறையில் அடிபட்டுப் போனார். அந்தக் கலைக்கே தகப்பன் அவர்.

தொப்பூர் கணவாய் | பகல் 2.50
தெரியும் சார். மறைக்கவில்லை. அந்தப் பாலத்தில்கூட குறைந்தது 100 ஸ்கைடைவ் இல்லாமல் விடமாட்டார்கள், 200 இருந்தால்தான் நல்லது என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள் என்பதைத்தான் அடுத்து எழுத வந்தேன். தம்பிக்கு 41. "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அந்த வயசில் கேட்க மாட்டார்கள், ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

கே.ஆர்.பி. கரை | பகல் 3.20
ஏன் என்று நான் சொல்கிறேன். அந்த மலையைத் தினமும் என் வீட்டு வாசலிலிருந்து பார்க்கிறேன்.

குதித்த மூன்று நொடியில் ஏறக்குறைய 44 மீட்டர் விழுவீர்கள். ஓடி வந்து எவ்வளவு எட்டிக் குதித்தாலும் அதற்குள் வெளியே தள்ளிப் போவது பத்து மீட்டர்கூட வராது. எல் கேப்பிட்டன் மாதிரி செங்குத்துச் சுவர் என்றால் சரி. நம் மலை யானை முதுகு மாதிரி வழுவழுப்பாகச் சரிந்து வரும் பாறை. பத்து மீட்டர் வெளியே வந்தாலும் காலடியில் பாறைதான் இருக்கும். படிக்கட்டில் ஏறிப் போய் மேலே உட்கார்ந்து ஒரு கல்லை உருட்டிப் பாருங்கள். காற்றில் போகாது, பாறையில் மோதி மோதித்தான் போகும்.

அடுத்தது ரிக். உங்கள் பைலட் சூட் இரண்டு, இரண்டரை அடி அகலம்தான் இருக்கும். 190ல் அது நன்றாக இழுக்கும், ஆனால் குதித்த இரண்டாவது நொடியில் அதற்கு இழுக்கக் காற்றே கிடைக்காது. பேஸ்காரர்கள் மூன்றரை அடி, அதற்கும் மேலே வைத்திருப்பார்கள். குறைந்த உயரத்துக்கு ஸ்லைடரையே கழற்றிவிடுவார்கள், பையும் கிடையாது. உங்கள் கேனோபி நல்ல வேகத்தில்கூட முழுசாக விரிய 600, 800 அடி எடுக்கும். ரிசர்வ் இருக்கிறதே என்பீர்கள், அதற்கு உயரம் எங்கே? சைப்ரஸ் சுமார் 750 அடியில், நொடிக்கு 35 மீட்டர் வேகம் இருந்தால்தான் ரிசர்வைத் திறக்கும். அந்த வேகம் வரும்போது நீங்கள் பாறையில் இருப்பீர்கள்.

வேகம் குறைவு என்று உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். அந்த மெதுவுதான் உங்களைக் கொல்லும்.

ஓசூர் பார்டாக் | மாலை 5.05
கீழே வீடுகள், மின்கம்பி, முள்ளு. தம்பி, அம்மா அப்பா பாலக்கோட்டில் இருக்கிறார்களா? லீவுக்கு வந்த பையன் இது.

பாரா சுபேதார் | மாலை 5.40
கே.ஆர்.பி. அம்மா சொன்ன கணக்கு சரி. காலையில் நான் சொன்ன நிலை தம்பியின் ஜம்ப்புக்குப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். துபாய் போனதும் முதல் வேலையாக ஒரு ரிக்கரிடம் முழு ரிக்கையும் கொடு.

பாலக்கோடு வானம் | ஐந்து நாள் கழித்து, இரவு 9.12
தராசு வைத்துப் பார்த்தேன். பாதிப் பேண்டு ஒன்றரை கிலோவிலேயே கழன்றது. இடது பிரேக் கயிறு வலதைவிட இரண்டு இஞ்ச் குறைவு. ஸ்லைடர் வளையம் ஒன்றில் சொரசொரப்பு இருக்கிறது. ரிக்கருக்கு மெசேஜ் போட்டாயிற்று, கேனோபியைத் தொடவில்லை. தோள் பரவாயில்லை. எல்லாருக்கும் நன்றி.

தொப்பூர் கணவாய் | இரவு 9.20
ஸ்லைடர் என்று முதல் நாளே சொன்னேன்.

ஓசூர் பார்டாக் | இரவு 9.26
இரண்டு இஞ்ச் பிரேக் கயிறு உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?

கே.ஆர்.பி. கரை | இரவு 9.31
எல்லாமும் சேர்ந்துதான் அடித்திருக்கிறது, அதில் சண்டை வேண்டாம். தம்பி, மலையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே?

கே.ஆர்.பி. கரை | மறுநாள் காலை 6.50
தம்பி, இருக்கிறீர்களா? மலை என்ன ஆயிற்று? உங்கள் நண்பரிடமும் இதைக் காட்டுங்கள். நான் ஊரில்தான் இருக்கிறேன், அவரை என் வீட்டுக்கு ஒரு நாள் கூட்டி வாருங்கள்.