லெவல் 2 பனிச்சரிவுப் பயிற்சி: பத்து சீசன் போனவர்களுக்கும் வேண்டுமா?

கருமுகில்:
சியாட்டிலில் இருக்கிறோம், நான்கு நண்பர்கள். இருவர் ஸ்கீ, இருவர் ஸ்பிளிட்போர்டு (ஏறும்போது இரண்டு ஸ்கீயாகப் பிரித்து, இறங்கும்போது ஒன்றாகச் சேர்க்கும் ஸ்னோபோர்டு). பத்து வருடமாகக் கேஸ்கேட் மலைகளில் ரிசார்ட்டுக்கு வெளியேதான் ஏறி இறங்குகிறோம். பனிச்சரிவுப் பயிற்சியின் முதல் படியான லெவல் 1, புதைந்தவரைத் தேடித் தோண்டும் ஒரு நாள் மீட்புப் பயிற்சி இரண்டும் எல்லோருக்கும் முடிந்தது. இந்த வருடம் லெவல் 2 போகலாமென்று ஒருவன் சொல்கிறான். மூன்று நாள் விடுப்பு, கட்டணம், தங்கும் செலவு எல்லாம் ஆகும். அந்த மூன்று நாளும் மலையில் இருந்தாலே அதைவிட அதிகம் கற்றுக்கொள்ள மாட்டோமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வடதிசை:
வேண்டாம் என்பேன். இயன் மெக்கம்மன் அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை அலசினார். பழகிய மலையில், உயர்நிலைப் பயிற்சி பெற்ற குழுக்களும் பயிற்சியே இல்லாத குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்தில்தான் போய் மாட்டியிருக்கிறார்கள். நீங்கள் பத்து வருடமாகப் போவது பழகிய மலைக்குத்தானே?

என் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். லெவல் 2 முடித்த ஒருவர் பனி உடையுமா என்று சோதிக்கக் குழி வெட்டி, 90 செ.மீ. அகலம், சாய்வின் மேல்பக்கமாக 30 செ.மீ. என்று பனியைத் தூணாக அறுத்து, ஒரு ஓரத்தில் ஷவலை வைத்துத் தட்டினார். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. தூண் உடையவில்லை. “சரி, போகலாம்” என்றார். அந்தத் தூண் அந்த ஒரு இடத்தைப் பற்றித்தான் சொல்லும். நாற்பது அடி தள்ளி, பாறையை ஒட்டிப் பனி மெலிந்த இடத்தில் கதையே வேறு. தட்டாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் பயந்திருப்பார்.

பனிமலர்:
வடதிசை, அதே ஆய்வை நான் வேறு மாதிரி படிக்கிறேன். பழக்கமில்லாத மலையில் அதே ஆட்கள் கவனமாக இருந்திருக்கிறார்கள். அப்படியானால் பயிற்சி வேலை செய்கிறது, பழக்கம்தான் அதைத் தின்றுவிடுகிறது. லெவல் 2-இல் பெரும்பகுதி இப்போது இதைப் பற்றித்தான்.

நான் கொலராடோவில் எடுத்தேன். இரண்டாம் நாள் காலை, கார் நிறுத்துமிடத்தில் கையுறையைக் கழற்றி நோட்டில் எழுதச் சொன்னார் ஆசிரியர்: இன்றைக்கு எந்தெந்தச் சாய்வுகளுக்குப் பூட்டு, அதாவது என்ன ஆனாலும் போகக் கூடாதவை எவை? வடக்கு, வடகிழக்கு பார்த்தவை, 30 டிகிரிக்கு மேல், அத்தனையும் பூட்டு என்று எழுதினேன். மதியம் வெயில் வந்தது. எதிரே ஒரு தடம்கூட விழாத சாய்வு, முழங்கால் அளவு பொடிப்பனி. குழி வெட்டிப் பார்த்தோம், மோசமாக ஒன்றும் தெரியவில்லை. “இதில் மட்டும் இறங்கலாமா?” என்று நான்தான் கேட்டேன். அவர் பதிலே சொல்லாமல் என் நோட்டைக் கேட்டார். திரும்பினோம். குழியை வைத்துப் பூட்டைத் திறக்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

வடதிசை:
நல்ல ஆசிரியர். ஆனால் அவர் கூட வராத நாளில்? 2013 ஏப்ரல் 20, கொலராடோவில் லவ்லண்ட் பாஸ் பக்கம் ஷீப் க்ரீக். ஆறு பேர், எல்லோரும் அனுபவசாலிகள். அன்றைய எச்சரிக்கையைப் படித்துவிட்டுத்தான் போனார்கள். ஆபத்தான சாய்வு எது என்றும் தெரியும், அதன் அடியைக் கடந்து பாதுகாப்பான மரக்கூட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கீழே நடந்தபோதே மேலிருந்து மொத்தமும் உடைந்து வந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களுக்கு என்ன அறிவு குறைவாக இருந்தது?

பனிமலர்:
ஷீப் க்ரீக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும். இறந்தவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அதை அலசாமல் விடவும் முடியாது. ஆழத்தில் சர்க்கரை மாதிரி ஒட்டாத பனி. அதன் மேல் பலகைபோல இறுகிய கனத்த அடுக்கு. அந்த மாதிரி நாளில் சாய்வின் மேல் கால் வைக்கவே வேண்டாம், அடியில் நடந்தாலே மேலே உடையும். இடைவெளி விட்டுத்தான் நடந்தார்கள். அந்த இடைவெளி போதவில்லை, ஆறு பேரும் ஒரே சமயம் அதன் பாதையில் இருந்தார்கள். லெவல் 1-இல் இதை ஒரு படமாகக் காட்டிவிட்டுப் போவார்கள். லெவல் 2-இல் அரை நாள் இதில்தான் போகிறது.

கேஸ்கேட்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே புயல் ஓய்ந்து சில நாளில் பனி தானாக இறுகிவிடும், நீங்களும் அதற்கே பழகியிருப்பீர்கள். பலவீன அடுக்கு மாதக்கணக்கில் நிற்கும் வருடம் வரும்போது பத்து வருட அனுபவம் தப்பாகச் சொல்லும்.

ஏழாம்கடல்:
நான் வான்கூவர் பக்கம், ஸ்பிளிட்போர்டு. இங்கே இதற்கு ஏஎஸ்டி 2 என்று பெயர். நீங்கள் இருவரும் மீட்பை மறந்தே போனீர்கள். புதைந்தவருக்கு முதல் பத்து நிமிடம்தான் நல்ல வாய்ப்பு, அதற்குப் பிறகு வேகமாகச் சரியும். போன டிசம்பரில் ஒரு பையில் பீக்கனை (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி) வைத்து ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்துத் தேடினோம். ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி) பையில் முட்டும்வரை நாலு நிமிடம். தோண்ட பதினொன்று! எல்லோரும் குழியைச் சுற்றி நின்று ஒருவர் முகத்தில் ஒருவர் பனியை வாரி இறைத்தோம். சாய்வின் கீழ்ப்பக்கமிருந்து, ஒருவர் பின் ஒருவராக நின்று பனியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் பாதி நேரம்தான். ஒருவர் போனை பீக்கன் பக்கத்துப் பையிலேயே வைத்திருந்தார். தேடும்போது அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் சான்றிதழ் வைத்திருப்பவர்கள்.

ஸ்பிளிட்போர்டுக்காரர்கள் இருவருக்கும் ஒன்று: ஸ்கீ பைண்டிங் மாதிரி நம்முடையது கழன்று விடாது, பனி இழுத்தால் போர்டு நங்கூரம் மாதிரி கீழே இழுக்கும். போர்டைப் பிரித்துச் சேர்க்கும் நேரத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

என் ஓட்டு: முதலில் மீட்புப் பயிற்சியைத் திரும்ப எடுங்கள். அப்புறம் லெவல் 2.

வடதிசை:
ஏழாம்கடல் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். லெவல் 2 போவதென்றால் நால்வரும் சேர்ந்து போங்கள். ஒருவன் மட்டும் படித்து வந்தால் மற்ற மூவரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பனிமலர்:
இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். 2012-இல் ஸ்டீவன்ஸ் பாஸ் டனல் க்ரீக்கில் பதினாறு பேர் கூடினார்கள், பெரிய பெரிய ஆட்கள். பலருக்கும் உள்ளுக்குள் சந்தேகம் இருந்திருக்கிறது, யாரும் வாய் திறக்கவில்லை. பனிச்சரிவில் மூன்று பேர் இறந்தார்கள். கருமுகில், அது உங்கள் ஊர் மலை.

வடதிசை:
கருமுகில், ஒன்று கேட்கிறேன். கடைசி மூன்று சீசனில் எத்தனை தடவை பாதியில் திரும்பினீர்கள்?

கருமுகில்:
நேற்று நால்வரும் உட்கார்ந்து போன் படங்களை வைத்து எண்ணினோம். இரண்டு தடவை. ஒன்று மூடுபனி, இன்னொன்று ஒருவனின் ஸ்கின் (ஏறும்போது வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) ஒட்டவில்லை. பனியைப் பார்த்துத் திரும்பியது ஒரு தடவைகூட இல்லை. எண்ணி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஜனவரி லெவல் 2-க்கு நாலு இடம் பதிந்துவிட்டோம். அதற்கு முன் இந்த ஞாயிறு, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மீட்டர் தோண்டப் போகிறோம். எத்தனை நிமிடம் ஆனது என்று திங்கட்கிழமை எழுதுகிறேன்.